பச்சை விழுதும் ஒரு வாய்த் தண்ணியும்

எழுபதுகளின் நடுவில் சிட்னி நகரத்தில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் ஜப்பானுக்குச் சுற்றுலா போக ஆசைப்படத் தொடங்கியிருந்த காலம். அங்கே போய் எதைச் சாப்பிடுவது என்ற பயம் அந்த ஆசையைவிடப் பெரிதாக இருந்தது. என் முதலாளி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். டிக்கெட் எடுத்தவர்களைச் சனிக்கிழமை மதியம் கூட்டிப்போய், ஜப்பானியச் சாமான் கடையைச் சுற்றிக்காட்டி, ஓர் உணவகத்தில் உட்காரவைத்துச் சாப்பிடப் பழக்கி அனுப்புவது. கூட்டிப்போகிற வேலை என் தலையில் விழுந்தது.

"நீங்கள் ஆசியக்காரிதானே, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

நான் மலாயாவில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். ஜப்பானியச் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும். ஆனால் புதிதாக வந்த நாட்டில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த உணவகத்தை நடத்திய ஜப்பானியப் பெண்ணிடம் போய், குச்சி பிடிக்கவும் சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கவும் கற்றுக்கொண்டேன். அவர் நல்ல மனுஷி. இருந்தும் அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

காரணம் என் அப்பா. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்; இங்கிலிஷ் படித்து, கணக்கு எழுதுகிற உத்தியோகம் பார்த்தவர். யுத்தத்தின்போது சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போட ஜப்பானியப் படை தோட்டத்துச் சனங்களை லொறி லொறியாக ஏற்றிக்கொண்டு போனது. அவர்களைக் கணக்கு வைக்க ஆள் வேண்டுமென்று அப்பாவையும் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அப்போது மூன்று வயது. சண்டை முடிந்தது, அவர் வரவில்லை. செத்தார் என்றும் ஒருவரும் வந்து சொல்லவில்லை. நாள் தெரியாததால் திவசமும் கிடையாது.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. ஊரில் கல்யாண வீடுகளில் அவளை முன்னுக்குக் கூப்பிடவும் தயங்கினார்கள், பின்னுக்குத் தள்ளவும் தயங்கினார்கள். அவள் ஒரு தூண் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவாள். சிட்னிக்கு என்னோடு வந்த பிறகும் காலையில் குளித்ததும் முதல் வேலை கண்ணாடிக்கு முன்னால் குங்குமம்தான். அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பாள். அதைத் தவிர அவள் எதையும் கேட்டதில்லை.

வந்த புதிதில் ஒருநாள் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் அவளுக்குத் தாகம் எடுத்திருக்கிறது. ஸ்டேஷன்காரனிடம் "தண்ணி, தண்ணி" என்று கேட்டிருக்கிறாள். அவன் மிக மரியாதையாக அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கக்கூஸ் வாசலில் விட்டான். இந்த ஊர்ப் பேச்சில் கக்கூஸுக்கு 'டன்னி' என்று பெயர். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் இருவரும் பல நாள் சிரித்தோம்.

முதல் சனிக்கிழமை வந்தவர்களில் ஐம்பது தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மகன் ஜப்பானில் வேலையில் இருக்கிறான், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்று மனைவி சந்தோஷமாகச் சொன்னார். கணவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து கைகளை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். சோறு வந்ததும் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளிவிட்டார்.

"அவர் சோறு சாப்பிட மாட்டார்" என்று மனைவி என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

பச்சை மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு விழுது உருட்டி வைத்திருந்தார்கள். வசாபி என்று இன்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியாது. பார்க்கப் பச்சைக் கொச்சிக்காய்ச் சம்பல் மாதிரியே இருந்தது. இது உறைக்குமா என்று ஒரு பெண் பயந்து கேட்டார். நான் விடுவேனா? எங்கள் ஊர்ச் சனத்துக்கு இதெல்லாம் ஒரு உறைப்பா என்று வீறாப்பாகச் சொல்லி, முழு உருண்டையையும் எடுத்து வாயில் போட்டேன்.

அது நாக்கில் உறைக்கவில்லை. மூக்கு வழியாக மண்டைக்கு ஏறியது. கண் தெரியவில்லை, மூச்சு வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு "தண்ணி, தண்ணி" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒரு கிளாஸ் தண்ணீரைக் கையில் தந்தார்கள். குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துப் பார்த்தால், அந்த மனிதர் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"இப்போது என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"தண்ணீர் கேட்டேன்."

"அந்தச் சொல்லுக்குத் தண்ணீர் என்றா அர்த்தம்?"

ஆமாம் என்றேன். அவர் சப்பாத்துக்கூடப் போடாமல் வெளியே போனார். நான் பின்னால் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

அவர் ஜப்பானியரிடம் யுத்தக் கைதியாகி அந்தச் சயாம் ரயில் பாதையில் வேலை செய்தவர். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழர் முகாம். அங்கே வாந்திபேதி வந்தது. கைதிகள் மரம் சுமந்துகொண்டு அந்தக் குடிசைகளைத் தாண்டி நடப்பார்கள். உள்ளேயிருந்து தினமும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"டன்னி என்று எங்களுக்குக் கேட்டது. பேதிக்காரர்கள் கக்கூஸ் கேட்கிறார்கள் என்று நினைத்தோம். சிரித்தோம். எங்கள் இடுப்பில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பிறகு ஒருநாள் யாரும் கூப்பிடவில்லை. ஜப்பானியர்கள் எல்லோரையும் குடிசைகளோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். ஆனால் அவரும் அங்கே எலும்பும் தோலுமாக மரம் சுமந்தவர்தானே. அந்தக் காலத்தில் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தவர், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அந்த முகாமில் இங்கிலிஷ் பேசுகிறவர் யாராவது இருந்தாரா?"

"இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்குமே" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கதிரையில் உட்கார்ந்தபடி கடைசிவரை அசையாமல் கேட்டாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"அப்ப உன்ர கொப்பா அங்க இல்லை. அவர் இங்கிலிஷ் படிச்சவர் எல்லே. வெள்ளைக்காரனைக் கண்டா 'வாட்டர்' எண்டுதான் கேட்டிருப்பார்."

"ஓம் அம்மா" என்றேன். அந்த நேரம் எனக்கும் அப்படி நம்ப ஆசையாக இருந்தது.

குசினிக்கு எழுந்து போகப் போனவள் நின்று திரும்பினாள். "அதுசரி, அந்த மனிசனுக்கு எங்கட சொல்லு எப்பிடித் திடீரெண்டு ஞாபகம் வந்தது?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "உறைப்புத் தாங்கேலாமல் நான்தான் தண்ணி தண்ணியெண்டு கத்தினனான்."

"சுத்திவர வெள்ளைக்காரர் எல்லே இருந்தவை? உனக்கு இங்கிலிஷ் தெரியும்தானே?"

"தெரியும். ஆனா வாயில அதுதான் வந்தது, அம்மா."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சொன்னதைத் திருப்பி எடுக்க வழி இல்லை. அவள் குசினிக்குள் போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது. தண்ணீர் நெடுநேரம் ஓடியது. நான் எழுந்து போகவில்லை. போகப் பயமாக இருந்தது.

வெளியே வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு எனக்கு முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு, ஆறப்போகுது" என்றாள்.