அம்மா அவளைத்தான் கண்ணு என்றாள்

மெல்பர்னுக்கு வந்து ஏழு வருடமாகிறது. இங்கே புத்தாண்டு, ஊரைவிட ஐந்தரை மணி நேரம் முன்னாலேயே பிறந்துவிடும். ஜனவரி முதல் தேதி நல்ல வெயில் அடிக்கும். நண்பர்களோடு பூங்காவில் சாப்பிடுவதற்காகக் கணவரும் பிள்ளைகளும் டப்பாக்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பதினொன்றரை மணிக்கு நான் மட்டும் போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்துக்குப் போவேன். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போதுதான் காலை ஆறு.

வீட்டு ஞாபகத்தில் கூப்பிடுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் பொறாமையில் வெந்துகொண்டுதான் ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டேன்.

தம்பியின் மனைவி போனை வண்டி சீட்டின் மேல் சாய்த்து வைத்திருப்பாள். தெருவை அடைத்து அவள் கோலம் போடுவது தெரியும். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா, மடியில் கலர்ப்பொடிக் கிண்ணங்கள்.

“மயிலுக்குப் பச்ச இன்னும் கொஞ்சம் தூவு கண்ணு. குனிஞ்சே இருக்காத, இடுப்பு புடிச்சிக்கும்.”

என்னை அம்மா ஒரு நாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அதே தெருவில் புத்தாண்டுக் கோலம் போட்டவள் நான். அம்மா விடியும் முன்பே தக்காளிப் பெட்டிகளோடு மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது கோலத்தின் ஓரத்தை மிதித்துக்கொண்டே உள்ளே நுழைவாள். “ரோட்ட அடச்சிக்கினு என்னாத்துக்குடி இது? மாட்டுக்குத் தண்ணி காட்னியா?” என்பாள். அவ்வளவுதான்.

போன வருடப் புத்தாண்டுக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்களுக்குத்தான் முதலில் விடிகிறதே! இந்தியக் கடையில் கலர்ப்பொடி வாங்கி, காலை ஏழு மணிக்கே கார் நிறுத்தும் சிமென்ட் தரையில் கோலம் போட்டேன். நடுவில் தாமரை, சுற்றிலும் எட்டுக் கிளிகள். முழங்கால் கன்றிப்போனது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அங்கே யாரும் எழுந்திருக்கக்கூட மாட்டார்கள். அவளுடைய கோலத்துக்கு முன்னால் அம்மா என்னுடையதைப் பார்ப்பாள் என்று நினைக்க நினைக்க மனம் குளிர்ந்தது.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் என் தாமரை இருந்தது. என் எட்டுக் கிளிகளும் இருந்தன, என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக.

“நீ அனுப்பிச்சத பாத்துத்தான் போட்டா,” என்றாள் அம்மா. “உன்னுதுல கிளி மூக்கு கோணிக்கினு இருந்துச்சி. இவ சரி பண்ணிட்டா.”

எனக்குத் தாங்கவில்லை. “நான் போடும்போது ஒரு நாளாவது உக்காந்து பாத்திருக்கியாம்மா? மிதிச்சிக்கினு போவ. மருமவ போட்டா மட்டும் கிண்ணத்த மடியில வெச்சிக்கினு உக்கார்ற.”

அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப எனக்கு உக்கார ஏதுடி நேரம்?” என்று மட்டும் சொன்னாள்.

தம்பியின் மனைவி போனை எடுத்துக்கொண்டு தண்ணித் தொட்டிப் பக்கம் போனாள்.

“அண்ணி, ஒன்னு சொல்றன், தப்பா நெனைக்காதீங்க. எங்கம்மா காரிமங்கலத்துலதான் இருக்காங்க. பஸ் ஏறுனா ஒரு மணி நேரந்தான். கல்யாணம் ஆனதுலருந்து ஒரு புது வருசத்துக்கும் நான் அங்க போனதில்ல. பொண்ணும் வெளிநாட்டுல இருக்குது, நீயும் போயிட்டா அம்மா ஒத்தையில கெடப்பாங்கன்னு உங்க தம்பி சொல்வாரு. எங்கம்மாவும் எங்க அண்ணியும் ஜோடியா நின்னு போட்டோ அனுப்புவாங்க. அத பாத்து எனக்கும் எரியுது. நான் யாருகிட்ட போயி சண்ட போடட்டும்?”

போனை வைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினேன். பூங்காவில் ஒரு வாய் இறங்கவில்லை. அவள் சொன்னது நியாயம் என்று தெரிந்தது. ஆனாலும் இவளுக்குப் பஸ் இருக்கிறதே என்றுதான் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. அவளுடைய துக்கத்தைக்கூட என்னால் பொறாமையில்லாமல் கேட்க முடியவில்லை.

டிசம்பரில் தம்பியைக் கூப்பிட்டேன்.

“இந்தப் புது வருசத்துக்கு அவள அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பி வைடா.”

“அம்மாவ யாரு பாத்துக்கறது?”

“நீ இல்லயா? உனக்குக் கை கால் இல்லயா?”

அவன் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டான். நான் பெரிய மனது பண்ணினேன் என்று கணவர் சொன்னார். பாதிதான் அது. மீதிப் பாதியை அவரிடம் சொல்லவில்லை: அந்த ஒரு காலையாவது அம்மா எனக்கு மட்டும் கிடைப்பாள்.

கிடைத்தாள். இந்தப் புத்தாண்டன்று வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்திருந்தது. நான் அனுப்பிய புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலி, தக்காளிச் செடிக்கு வந்த நோய், என் மகள் தமிழ் பேசும் அழகு என்று முக்கால் மணி நேரம் பேசினோம். அவ்வளவு நேரம் நாங்கள் இருவரும் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. காரிலிருந்து கணவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை.

“சரி, அவளயும் இதுல கூப்புடு,” என்றாள் அம்மா. “சாப்ட்டாளோ என்னவோ.”

சுருக்கென்றது. கூப்பிட்டேன். அவள் தன் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சொக்கிப்போய்க் கண்ணை மூடியிருந்தாள். அப்படி ஒரு முகத்தை எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

“அத்த, மாத்திர போட்டீங்களா?”

“போட்டேன் கண்ணு. எப்ப வர்ற?”

“ஒரு வாரம் இருக்கட்டும்மா,” என்றேன் நான், அவள் வாயைத் திறக்கும் முன்பே. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா தினமும் எனக்குப் போன் செய்தாள். அவளாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. தம்பி வைத்த சாம்பாரில் உப்பில்லை, வீடு கூட்டாமல் கிடக்கிறது, அவள் இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை என்று எல்லாம் மருமகள் புராணம்தான். வேலை இடத்தில்கூட வெளியே வந்து நின்று ஒன்று விடாமல் கேட்டேன். எட்டாம் நாள் போன் வரவில்லை. இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். பிறகு புரிந்தது, காரிமங்கலத்திலிருந்து அவள் திரும்பி வந்துவிட்டாள்.