அண்ணனின் கெட்டி நாடி

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த நினைவு மலரில் எழுதும்படி மதினி என்னிடம் சொன்னார்கள். ஆறுதலாக எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடம்பூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர்கள் அண்ணன். மழை பொய்த்த ஒரு வருடம் மந்தையை விற்றுவிட்டு, கோவில்பட்டியில் புண்ணாக்குக் கடை வைத்தார்கள். எனக்குக் கல்யாணம் முடித்த பிறகே தன் கல்யாணத்தைச் செய்துகொண்டார்கள். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிடா வாங்கும்போது அதன் பின்தொடை இடுக்கில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். துடிப்பு கெட்டியாக இருந்தால் நல்ல உருப்படி. அண்ணனையும் அப்படித்தான் பார்த்தோம். ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்த அன்று, சித்தப்பா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி எப்படித் தெறிக்குது பாத்தீங்களா! இவனுக்கா சீக்கு? மாத்திரையத் தூக்கிப் போடுலே" என்றார். அண்ணனும் சிரித்துக்கொண்டே தூக்கி எறிந்துவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்துக் கால் வீங்கி மதுரைக்குப் போனபோதுதான் விளங்கியது. ரத்தக்குழாய்கள் இளக்கம் இல்லாமல் விறைத்துப்போனதால், ஒவ்வொரு துடிப்பும் வேகம் குறையாமல் சிறுநீரகத்தில் போய் அடித்திருக்கிறது. சிறுநீரகம் கெடக் கெட, குழாய்களில் சுண்ணாம்பு படிந்து இன்னும் இறுகியிருக்கிறது. நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தது அந்த விறைப்பைத்தான் என்றார் டாக்டர்.

டயாலிசிஸ் தொடங்கியது. என் சிறுநீரகம் பொருந்தும் என்று தெரிந்தும் அண்ணன் மறுத்தார்கள்.

"ஏட்டி, பிள்ளைய வச்சிருக்க. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மாப்பிள மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"எங்க வீட்டு அவியதான் கொடுன்னு ஒத்தக்கால்ல நிக்காவ. பேசாமப் படுங்க."

கெஞ்சிக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தோம். அதன் பிறகு ஸ்கேன் பார்த்த டாக்டர், அடிவயிற்றுக் குழாய்கள் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கின்றன, புதுச் சிறுநீரகத்தை அதில் தைத்து இணைக்க வழியில்லை என்று கையை விரித்தார். அண்ணன் அழுது அன்றுதான் பார்த்தேன். வேண்டாம் என்றவர்களை நாங்களே ஆசைப்பட வைத்திருந்தோம்.

பங்குனி வெயிலில், டயாலிசிஸுக்காக அளந்து கொடுத்த தண்ணீர் போதாமல் தவித்தபடியே அண்ணனின் இருதயம் நின்றுபோனது.

மதுரைக்கு வண்டி ஓட்டிய மதினியின் தம்பிக்கும், கடையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடை அண்ணாச்சிக்கும், ரத்தம் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. என் கணவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மனசார என்னை அனுப்பி வைத்தார். நான் முழு உடம்போடு வீடு திரும்பினேன்.