இருமுறை உருகிய தாலி

பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துச் சில்லுகளில் பழுது கண்டுபிடித்தவள் கிளாடிஸ். ஆட்குறைப்பில் வேலை போனதும் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளா அவள்? கெலுகோர் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் நகைக்கடை திறந்துவிட்டாள். வடிவம், கல், எழுத்து எல்லாம் வாங்குகிறவர்களே திரையில் தேர்ந்தெடுக்கலாம். செய்து கொடுக்க அர்ஜுனன் பத்தர் இருந்தார்.

முதல் தாலி ஆர்டர் மாக் மண்டினிலிருந்து வந்தது. கணவரை இழந்த புஷ்பவள்ளி, மகன் ஷர்வினின் கல்யாணத்துக்காக இரண்டு நாள் கைப்பேசியை நோண்டி, தானே வடிவம் தேர்ந்தெடுத்திருந்தார். கிளாடிஸுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றே நாளில் செய்ய வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் புஷ்பவள்ளி அழைத்தார்.

"கிளாடிஸ், புதன்கிழமை காலையில நல்ல நேரம். பொன் உருக்குறத வீடியோ கால்ல காட்டுவீங்கதானே?"

செய்து முடித்து மேசையில் வைத்திருந்த தாலியைக் கிளாடிஸ் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டில் தாலியைச் சர்ச்சில் சாமியார் மந்திரித்தால் முடிந்தது. உருக்கவும் நேரம் பார்ப்பார்கள் என்று அவள் கண்டாளா?

"நேரம் கேட்டுட்டுத்தான் கொடுத்தீங்கன்னு நெனச்சேன்," என்றார் விஷயத்தைக் கேட்ட அர்ஜுனன். "விடுங்கலா. புதன்கிழமை வேற பொன்ன உருக்கிக் காட்டிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா, அண்ணே."

இந்த ஆர்டர் போனால் தாலி விஷயத்தில் இனி யார் அவளை நம்புவார்கள்? பயந்துகொண்டேதான் புஷ்பவள்ளியை அழைத்து உண்மையைச் சொன்னாள்.

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார் புஷ்பவள்ளி. "சரி, புதன்கிழமை அதையே திரும்ப உருக்குங்க."

புதன்கிழமை, பளபளவென்றிருந்த தாலியை அர்ஜுனன் உருக்கும் கிண்ணத்தில் போட்டபோது கிளாடிஸுக்கு மனசு வலித்தது. திரையில் ஷர்வினும் உறவுக்காரர்களும் தெரிந்தார்கள்.

"அம்மா எங்க, தம்பி?"

"உள்ள இருக்காங்க. இதுக்கு அவங்க முன்னால நிக்கக்கூடாதாம்."

"நான் எதுக்கு? நேரம் போவுது, ஆரம்பிங்க!" சமையலறையிலிருந்து புஷ்பவள்ளியின் குரல் மட்டும் வந்தது.

கிளாடிஸுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அடுத்தவர் வழக்கத்தில் தப்பு செய்துவிட்டு நிற்பவள், என்ன பேசுவது? அர்ஜுனனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, ஆர்டர் கொடுத்தவங்க பார்க்காம இந்தப் பொன்ன உருக்க மாட்டேன். போன தடவ அப்படிச் செஞ்சதுதான் தப்பா போச்சு."

யாரோ முணுமுணுத்தார்கள். ஷர்வின் எழுந்து போனான். திரும்பி வரும்போது அம்மாவின் கையைப் பிடித்திருந்தான். புஷ்பவள்ளி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தார்.

நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. அர்ஜுனன் தீ மூட்டினார்.