ஓப்பன்ஸ்டாக்கும் கிளவுட்ஸ்டாக்கும் ஒரு மழைக்காலமும்

பாலக்காட்டில் எங்கள் அலுவலகம் ஒரு மரமில்லுக்குப் பின்னால் இருந்தது. சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. நோயாளி விவரம், ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம் எல்லாம் அதுவரை அந்தந்த ஆஸ்பத்திரியில் மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டிக்குள் இருந்தன. அவற்றையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து எங்கள் சொந்த கிளவுடில் வைத்துவிடலாம் என்று எங்கள் முதலாளியான மலையாளி மேடம் முடிவு செய்தார். கிளவுட் என்றால் பெரிய மாயமொன்றும் இல்லை. சில சர்வர்களைச் சேர்த்து ஒரே மெஷின்போல ஆக்கி, கேட்கிறவர்களுக்குக் கேட்கிற அளவில் துண்டு போட்டுக் கொடுப்பது. அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். எதை எடுப்பது என்பதில்தான் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவர். முதலமடைக்காரர், வீட்டில் மாந்தோப்பு. நான் மூணாறு மலையில் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் "அம்மிணி" என்று கூப்பிட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். நான் "அண்ணே" என்றது அவருக்கு உடனே பிடித்துப்போனது. சாப்பாட்டு டப்பாவைப் பங்கு போட்டுக்கொள்கிற அளவுக்குப் பழகிய பிறகும், மென்பொருள் விஷயத்தில் மட்டும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டதில்லை.

முதலில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். நிறுவுவதற்கு அத்தனை சுலபம். ஆனால் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தனி வாசல் வைத்து, அவர்களே தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி செய்ய, நாங்களே நிறையக் கட்டவேண்டியிருந்தது. அதை ஒதுக்கியதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

பிறகு பிரிந்தோம். எனக்கு ஓப்பன்ஸ்டாக். மெஷினைத் துண்டு போட ஒரு பகுதி, நெட்வொர்க்குக்கு ஒரு பகுதி, டிஸ்க்குக்கு ஒரு பகுதி, உள்ளே வருகிறவர் யார் என்று பார்க்க ஒரு பகுதி என்று எல்லாம் தனித்தனி. வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததைக் கழற்றலாம். அண்ணனுக்கு கிளவுட்ஸ்டாக். எல்லாவற்றையும் மேய்க்க ஒரே சர்வர், பார்ப்பதற்கு ஒரே திரை.

"உங்களுது கல்யாண மண்டபத்துச் சமையக்கட்டு மாதிரிங்க அம்மிணி. வெங்காயம் நறுக்க ஒருத்தரு, அடுப்பப் பாக்க ஒருத்தரு. ஒருத்தரு வரலீன்னா பந்தி நின்னு போயிரும்."

"ஒங்களது ஒத்தை அடுப்பு. நாளைக்குக் கூட்டம் வந்தா என்ன செய்வீக?"

கேட்டுக்கொண்டிருந்த மேடம் ஆளுக்கு மூன்று சர்வர்களைக் கொடுத்தார். இரண்டு ஆஸ்பத்திரிகள் சோதனைக்குச் சம்மதித்தன. என் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, அண்ணன் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரி. பழைய பெட்டியும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே யாருக்கும் ஆபத்தில்லை. மழைக்காலம் முடிந்ததும் இருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கவேண்டும்.

ஆடி மழையின்போது அப்பாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. கூட இருக்க ஊருக்குப் போனேன். போன மறுநாள் மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டது. அதே நாளில் பாலக்காட்டில் இடி விழுந்து, எங்கள் அலுவலகத்தின் யூபிஎஸ் கருகி, ஆறு சர்வர்களும் ஒரே நேரத்தில் அணைந்துபோயின. கரண்டு வந்ததும் அண்ணனுடையது கொஞ்சம் முனகிவிட்டுத் தானே எழுந்து நின்றது. என்னுடையது எழவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். என் மூன்று சர்வர்களும் விவரங்களின் நகலை ஆளுக்கொன்று வைத்திருந்தன. ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தாங்கும். மூன்றும் சேர்ந்து விழுந்தால், யாரிடம் இருக்கும் நகல் கடைசியானது என்று அவற்றால் முடிவு செய்ய முடியாது. மனிதர் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும். நானோ மலைமேல், போனில் சிக்னல் வரும் ஒரே இடமான மாதா கோயில் படிக்கட்டில் மழையில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் நினைத்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். போட்டி அன்றே முடிந்திருக்கும். அவரோ என் மெஷின்களுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"சொல்லுங்க அம்மிணி. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கறனுங்க."

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? தோத்துட்டேன்னு எழுதிக்கிடுதேன்."

"கரண்டு போனதுக்கு நீங்க என்னத்துக்குத் தோக்கோணும்? பேசாம சொல்லுங்."

மதியம் முழுக்க அப்படியே போனது. கம்ப்யூட்டருக்கான கட்டளையைப் போனில் சொல்லி எழுதவைப்பது எத்தனை கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். "கோடு ஒண்ணுங்களா ரெண்டுங்களா?" என்பார். "ரெண்டு அண்ணே" என்பதற்குள் லைன் அறுந்துவிடும். அப்பா ஒரு கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக எனக்குப் பின்னால் நின்று குடை பிடித்துக்கொண்டிருந்தார். போய்ப் படுங்கள் என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

"மூணும் இன்னும் சமாதானம் ஆகலையாம்மா?" என்று நடுநடுவே விசாரித்தார்.

"ஒண்ணு முழிச்சிருச்சுப்பா. மத்த ரெண்டையும் அதுகூடச் சேக்கணும்."

"அந்தத் தம்பி சாப்ட்டாராமா? கேளு."

கேட்டேன். சாப்பிடவில்லை. "எந்திருச்சா எந்த வரீல இருந்தேன்னு மறந்து போயிருமுங்க, இதை முடிச்சுட்டுத் திங்கறேன்" என்றார். அப்பா என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, முன்பின் பார்த்திராத அந்த மனிதரை, முதலில் போய்ச் சாப்பிடும்படி அதட்டினார். அண்ணன் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் அவருடைய கண் ஆஸ்பத்திரியிலிருந்து, கிளவுடிலிருந்து அவசரமாக இன்னொரு மெஷினைத் துண்டு போட்டுத் தரவேண்டுமென்று கேட்டார்கள். அவர் கை என் வேலையில் இருந்தது. "நீங்களே பண்ணீருங்க" என்று தன் பாஸ்வேர்டைத் தந்தார். அந்த அரைகுறை சிக்னலில், போனின் சின்னத் திரையில், கிளவுட்ஸ்டாக்கைத் திறந்தேன். எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. எவ்வளவு பெரிது, எந்த நெட்வொர்க், சரி. அவ்வளவுதான், மெஷின் வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சாயந்திரத்துக்குள் என் மூன்றும் சேர்ந்துகொண்டன. பிரசவ ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் ஒன்றும் குறையாமல் திரும்பி வந்தன.

மழைக்காலம் முடிந்து இருவரும் எழுதிக் கொடுத்தோம். மேடம் படித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"இதெந்தா? ரெண்டாளும் பேப்பர மாத்திக் கொடுத்துட்டீங்களா?"

நான் கிளவுட்ஸ்டாக்கை எடுக்கச் சொல்லி எழுதியிருந்தேன். அண்ணன் ஓப்பன்ஸ்டாக்கை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, நீங்களா?"

"அதோட கொடலுக்குள்ள கைய உட்டுப் பாத்தனுங்களே. ஒவ்வொண்ணும் எதுக்கு இருக்குதுன்னு அன்னைக்குத்தான் வெளங்குச்சு. எவ்வளவு நேர்த்தியா பிரிச்சு வெச்சிருக்கறாங்க! ஏனுங்க, நீங்க எதுக்கு இப்படி எழுதுனீங்க?"

"மலையில உக்காந்துக்கிட்டு ஒத்தை விரல்ல வேலை முடிஞ்சுதுல்லா அண்ணே."

மேடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க ரெண்டாளும் ஒரே நாள்ல லீவு எடுத்தா, இந்த ரெண்டுல ஏதாக்கும் நிக்கும்?" இடி விழுந்த அன்று எது தானே எழுந்து நின்றது என்று மூவருக்கும் தெரியும். இரண்டு பேர் இருக்கிற இடத்துக்கு இரண்டு பேரால் சுமக்க முடிகிறது போதும் என்று கிளவுட்ஸ்டாக் முடிவானது. ஆள் பலமுள்ள இடமாக இருந்திருந்தால் அண்ணன் எழுதியதுதான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

தான் முதலில் பிடித்த பக்கம் ஜெயித்தும் அண்ணன் முகம் வாடிப்போயிற்று. சில நாள் பொறுத்து, சோதனைக்கு என் பக்கம் ஓடிய மூன்று சர்வர்களையும் தனக்குத் தரமுடியுமா என்று மேடத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். மேடம் சிரித்துக்கொண்டே எடுத்துப் போகச் சொன்னார். முதலமடையில் மாங்காய் அடுக்கும் கொட்டகையை ஒட்டிய அறையில் அவற்றை வைத்து ஓப்பன்ஸ்டாக்கை ஓடவிட்டார். சித்திரையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். வைக்கோலும் பழமும் சேர்ந்த வாசனைக்கு நடுவில் விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

"எங்கூட்டுல எனக்குன்னு ஒரு ரூம்பு கேட்டனுங்க. இதுக்குக் கெடச்சுது" என்றார் அண்ணனின் மனைவி. கோபமாகத் தெரியவில்லை. அப்பா இரண்டு கண்ணாலும் அந்த மெஷின்களை நன்றாகப் பார்த்தார். "இதுதானா? நான் என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு மாம்பழத்தின் பக்கம் போய்விட்டார்.

அண்ணன் அந்த அறையில் வேண்டுமென்றே கரண்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். மூன்றும் சேர்ந்து விழுந்தால் எப்படி எழுப்புவது என்று ஓப்பன்ஸ்டாக்கின் கையேட்டில் எழுதியிருந்த பக்கம் அவருக்குப் போதவில்லை. ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றியதும் தானே எழுதினார். ஆங்கிலத்தை என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டு அந்த மென்பொருளின் ஆட்களுக்கு அனுப்பினார். எங்கெங்கோ இருந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். பொறுமையாகப் பதில் சொன்னார். நான் மூணாறு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மிணி, ஏத்துக்கிட்டாங்க. நான் எழுதுன பத்திய அப்படியே சேத்துப்போட்டாங்க!"

பக்கத்துச் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா என்ன விசேஷம் என்று கேட்டார். எங்கள் அண்ணனுக்கு நல்ல சேதி என்றேன். சந்தோஷம் என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தார்.