ரீற்றா அக்காவின் வியாழக்கிழமைகள்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலெர்மோவில் இரண்டு மாரிகாலம் நான் இத்தாலியன் வகுப்புக்குப் போனது மொழி படிக்க அல்ல. அந்த மண்டபத்தில் ஒரு காஸ் ஹீற்றர் இருந்தது. அதற்காக.

வகுப்பெடுத்த கன்னியாஸ்திரி அதன் தலையில் தோடம்பழத் தோலைக் காயவைப்பார். அந்த வாசம், நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாசம், எங்கள் கைகளில் கழுவக் கழுவப் போகாத குளோரின் வாசம்... மூன்றும் சேர்ந்தால் எனக்குக் கண் சொருகிவிடும்.

"எடி வசந்தி, மெல்லமாக் குறட்டை விடு. சிஸ்டர் சொல்லுறது கேக்கேல்லை."

முன்வரிசையிலிருந்து ரீற்றா அக்கா. மன்னார்க்காரி. என்னைவிட ஐந்தாறு வயது கூட. வாய் மட்டும் ஐம்பது வயது கூட.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் எல்லோரும் சினியோராக்களின், அதுதான் இத்தாலிய எசமானிகளின், வீட்டோடு தங்கி வேலை செய்தவர்கள். ஞாயிறை விட்டால் வியாழன் பின்னேரம் மட்டும்தான் லீவு. ஊருக்குப் போன் எடுப்பது, விசாவுக்கு குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் வரிசையில் நிற்பது, தலைக்கு முழுகுவது, ஊர்வம்பு கதைப்பது... எல்லாம் அந்த அரை நாளுக்குள். நகரின் பழைய பகுதியான கால்சாவில் சில பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தோம். படுப்பதற்கு அல்ல, ஒரு சூடைமீன் குழம்பு வைத்துத் தின்பதற்கு.

வகுப்பும் வியாழன்தான். மூன்றிலிருந்து ஆறு மணி வரை.

ரீற்றா அக்கா ஊரில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்து, சண்டையால் பாதியில் விட்டவர். இங்கே எட்டாம் வகுப்புச் சான்றிதழ் எடுத்தால் ஆஸ்பத்திரி உதவியாளர் கோர்ஸில் சேரலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கழிவறை தேய்க்கும்போதும் இத்தாலியன் வினைச்சொல்தான். "நேற்றுத் தேய்த்தேன், இன்று தேய்க்கிறேன், நாளை தேய்க்க மாட்டேன்" என்று மூன்று காலத்திலும் தேய்ப்பார்.

அந்தக் குளிரில்தான் அவருடைய இடது காதில் சீழ் வரத் தொடங்கியது.

வைத்தியம் சொன்னது பீற்றர் அண்ணை. எங்கள் அறைக்கு மேல்மாடிக்காரர். எந்த ஒபீஸ் எப்போது திறக்கும், எந்த பஸ் எங்கே போகும், யார் யாரோடு கதைக்கிறார் என்று பலெர்மோத் தமிழருக்கு அவர்தான் வானொலி. முதலில் நல்லெண்ணெயில் உள்ளி காய்ச்சி விடச் சொன்னார். விட்டோம். கொஞ்சம் மிளகும் போட்டிருந்தால் ரசமே ஆகியிருக்கும். வலி குறையவில்லை.

"சந்தைப் பக்கம் ஒரு டொக்டர் இருக்கிறார்" என்றார் பிறகு. "எங்கடை ஆக்களைச் சும்மா பாப்பார், விசாவும் கேக்கமாட்டார். ஆனா அஞ்சு மணிக்கெல்லாம் பூட்டிடுவார். நான் ஒருக்காப் போய் ஏமாந்து வந்தனான்."

ஐந்து மணி. அப்படியென்றால் வகுப்பு, இல்லாவிட்டால் டொக்டர்.

ரீற்றா அக்கா தன் சினியோராவிடம் வேறொரு நாளில் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தார். "வருத்தத்தைப் பார்க்கத்தானே வியாழன் இருக்கிறது" என்று அந்த மனுசி அன்பாகத்தான் சொன்னாராம்.

"இண்டைக்கு ஒருநாள் வகுப்பை விடுவம் அக்கா. நானும் வாறன்" என்றேன் நான்.

"காது ரெண்டு இருக்கெடி. வியாழன் ஒண்டுதான் இருக்கு."

சிரித்தோம். எனக்கு ஹீற்றரை விட்டுப் போக மனமும் இல்லை... அப்படியே அடுத்த வியாழன், அதற்கடுத்த வியாழன். காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, வலது காதைக் கன்னியாஸ்திரியின் பக்கம் திருப்பி வைத்தபடி படித்தார். மற்றப் பெண்களுக்கு நாங்கள் அவரை உதாரணமாகக் காட்டினோம். "பாருங்கோ, படிப்பெண்டால் இப்பிடி இருக்க வேணும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். வகுப்பில் நித்திரை கொண்டவள் சொன்ன புத்திமதி.

சோதனையில் பாஸ். அன்று கால்சா அறையில் ஆட்டிறைச்சி.

கோர்ஸில் சேர முன்னம் மெடிக்கல் வைத்தார்கள். திரும்பி வந்து கட்டிலில் இருந்தார்.

"காதிலை ஒண்டைக் கொழுவிவிட்டு, சத்தம் கேட்டா பட்டனை அமத்தச் சொன்னவை. நானும் நல்ல பிள்ளையா, கேக்கும் கேக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"பிறகு?"

"பிறகென்ன. கழட்டிப்போட்டினம்."

இடது காது முற்றாகப் போயிருந்தது. வலதிலும் கொஞ்சம். நோயாளி கூப்பிட்டால் கேட்க வேண்டிய வேலை, எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். எங்களுக்குள் இத்தாலியனைத் திறமாகக் கதைத்தவர், மற்றவர் கதைப்பது பாதி கேட்காதவராகப் போனார். மறுநாள் காலையில் அதே சினியோரா, அதே கழிவறை. அதன்பிறகு அவர் வினைச்சொல் சொல்லி நான் கேட்கவில்லை.

இப்போது அவர் லண்டனில். போனில் நான் கத்துவேன், அவர் அதைவிடக் கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைக்கிறார்கள்.

நான் இன்னும் இங்கேதான். எங்கள் பிள்ளைகள் இத்தாலியனில்தான் சண்டை பிடிக்கிறார்கள், அதுவும் சிசிலிக்காரரின் இழுவையோடு. இரண்டு பேர் நர்ஸ். டொக்டர் இருக்கிறாரா என்று பார்க்க போனை ஒருமுறை தடவினால் போதும். வியாழனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. நல்லதுதான்... ஆனால் வியாழன் வந்தால் எனக்கு இன்னும் ரீற்றா அக்காவின் காதில் பஞ்சு தெரிகிறது.

போன மாதம் சந்தைப் பக்கம் பல்லுக்குக் காட்டப் போனேன். அந்த டொக்டர் இருந்த அதே கட்டடம். வாசலில் இருந்த கிழவர் அந்தக் காலத்திலிருந்தே அங்கே காவல் வேலை பார்ப்பவராம். பொழுது போகாமல் பழைய டொக்டரைப் பற்றி விசாரித்தேன்.

"நல்ல மனுசன்" என்றார். "மற்ற நாட்களில் ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார். வியாழன் மட்டும் இரவு ஒன்பது வரை இருப்பார். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு அன்றைக்குத்தானே லீவு."

கதவில் பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டியிருந்தாராம்.