ரேடியேட்டருக்கு உப்புத் தண்ணி, டிரைவருக்குச் சிறுவாணி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தொழில், ஜாக்கெட் தைப்பது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். நான் வாரா வாரம் எழுதுவதும் அதை நீங்கள் படிப்பதும் எனக்கே இன்னும் நம்ப முடியாத விஷயம். இந்த வாரம் வரலாறு வேறு எழுதப் போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலனி சிங்காநல்லூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் மில் குடும்பங்கள். காலனிக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு ஆர்ச் கட்டுவதென்று காலனிச் சங்கத்தில் முடிவு செய்தார்கள். கூடவே ஒரு மலர். அதில் காலனி வளர்ந்த கதைக்கு நாலு பக்கம்.

செயலாளர் பழனிச்சாமி அண்ணன் வீடு தேடி வந்தார்.

"அம்மணி, பத்திரிகைல எழுதற ஆளு நம்ம காலனில நீங்க ஒருத்தர்தான். மொதமொதல்ல குடி வந்தவங்களப் பாத்துக் கேட்டு எழுதிக் குடுத்துப்போடுங்க."

"எனக்கு அதெல்லாம் வராதுங்க அண்ணா."

"ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கறீங்கள்ல? அந்த மாதிரி எடுத்துட்டு வாங்க. அப்பறம் தச்சுக்கலாம்."

ஒரு டேப் ரெக்கார்டரையும் கையில் கொடுத்துவிட்டார்.

டேப் ரெக்கார்டர் இருக்கிறதே – அதைப் போல மனிதர்களைக் கெடுக்கும் சாமான் வேறில்லை. பட்டனை அமுக்கியதும் எல்லோரும் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் ஆகிவிடுகிறார்கள். "அக்காலத்தில் இப்பகுதி..." என்று தொண்டையைச் செருமுகிறார்கள். நிறுத்தினால்தான் நிஜம் வருகிறது. சோளக்காட்டுக்கு நடுவில் பதினாலு வீடு. கிணற்றில் உப்புத் தண்ணீர். மில் சங்குதான் கடிகாரம். முதல் கல்யாணத்துக்குப் பதினாலு வீட்டுப் பாத்திரமும் ஒன்றாகச் சேர்ந்து, திரும்பும்போது மாறிப்போய், பிற்பாடு நான் வாழ வந்த வீட்டில் இன்றைக்கும் வேறு யாருடைய குண்டாவோ இருக்கிறது.

எல்லாம் சுலபமாகக் கிடைத்தது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாப்பை வாங்கித் தந்தது யார்?

மில்லில் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆன மயில்சாமி அண்ணன்தான் என்று காலனியே சொல்லும். போய்க் கேட்டேன்.

"நானெங்கீங்க அம்மணி? எல்லாம் வாத்தியார் பண்ணுனது."

வாத்தியார் என்றால் தேவசகாயம் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே போனேன்.

"நான் மனு எழுதினேன், அவ்வளவுதானுங்க. அலைஞ்சதெல்லாம் மயில்சாமி."

திரும்ப மயில்சாமி அண்ணன். "அவரு பெரிய மனசுக்காரருங்க. அப்படித்தான் சொல்லுவாரு." திரும்ப சார். இப்படி நாலு நடை. எங்கள் பக்கத்தில் மரியாதை ஜாஸ்தி. ஒரு காரியத்தைக் கெடுத்தது யார் என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். செய்தது யார் என்று கேட்டால்... செருப்புத் தேய வேண்டியதுதான்.

ஐந்தாவது நடையில் சார் சிரித்துவிட்டார். "டேப்ப நிறுத்துங்கம்மா. மனு மூணு தடவை போச்சு, மூணு தடவையும் திரும்பி வந்துச்சு. பஸ்ஸை நிறுத்தினது ருக்மணி."

ருக்மணி அக்காவை இங்கே எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். ஆர்ச்சின் ஒரு தூண் சரியாக அந்தக் கடை இருக்கும் இடத்தில்தான் வருகிறது. 'கடையை எடுத்துவிடுங்கள்' என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அக்காவும் 'சரிங்க' என்று சொல்லிவிட்டார்.

போனேன். அக்கா வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன பண்ணுனேன் கண்ணு? அப்ப வந்த பஸ்ஸு பழைய வண்டி. இந்த மேட்டுல ஏறுறதுக்குள்ள பொகையும். ஒரு நா டிரைவர் எறங்கி வந்து தண்ணி கேட்டாரு. குடுத்தேன். மக்யா நாளு நானே பக்கெட்டோட போயி நின்னுக்கிட்டேன்."

"தினமுங்களா?"

"தெனமுந்தான். ரேடியேட்டருக்கு உப்புத் தண்ணி, டிரைவருக்குச் சிறுவாணி. சிங்காநல்லூரு கொழாயில இருந்து நல்ல தண்ணி ஒரு கொடம் தலையில கொண்டாந்து வெச்சிருப்பேன். அவரு குடிக்கிற நேரத்துல நம்ம சனம் ஏறிக்கும்."

கண்டக்டர் 'தண்ணிக்கொடம்' என்று கூவித்தான் ஆட்களை இறக்குவாராம். ஸ்டாப் போர்டு வந்தது ரெண்டு வருஷம் கழித்து.

"இத நீங்க யாருகிட்டயும் சொல்லலீங்களா அக்கா?"

"தண்ணி குடுத்ததச் சொல்லிக் காட்டுவாங்களா?"

"கடைய எடுத்துட்டு எங்க போவீங்க?"

அக்கா வெற்றிலையை அவிழ்த்து மறுபடி சுற்றினார். "என்ற ஊட்டுல அடுப்பு எரியறது இந்தக் கடையாலதான் அம்மணி" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்தில் கூட்டம். எழுதியதை நான் படிக்க வேண்டும்.

"சுருக்கமாப் படிங்க அம்மணி, டீ ஆறுது" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

படித்தேன். சோளக்காடு, சங்கு, பாத்திரம் எல்லாம். பஸ் கதையும். பேப்பர் முடிந்துவிட்டது. ஆனால் நான் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

"அண்ணா... அந்தத் தூணு அங்க வேண்டாமுங்க" என்றேன்.

பழனிச்சாமி அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "பிளான் போட்டாச்சுங்க அம்மணி. அதில்லாம, இதுக்கெல்லாம் ஆதாரம் என்னங்க இருக்குது?"

தேவசகாயம் சார் எழுந்தார்.

"நான் ஆதாரமுங்க. மனு எழுதினேன்னு இத்தனை வருஷமா எல்லாரும் என்னைக் கும்பிட்டீங்க. நான் மயில்சாமியக் காட்டினேன். அவரு என்னைக் காட்டினாரு. ரெண்டு பேரும் அந்தம்மாவக் காட்டல. தப்புங்க."

"சார் கும்பிடுதான் வாங்குனாரு. நான் பொங்கல் விழாவுல சால்வையே வாங்கிப்போட்டேன்" என்றார் மயில்சாமி அண்ணன்.

"அப்ப சால்வையக் கழட்டி அந்தக்காவுக்குக் குடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

"சால்வைய வெச்சு அந்தம்மா என்ன பண்ணும்? எடத்தக் குடுங்க" என்றார் மயில்சாமி அண்ணன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஊர் அறிய 'நான் செய்யவில்லை' என்று சொல்லும் ஆண்பிள்ளைகளை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? எங்கள் காலனியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரிய ஊர்களுக்கு ராஜா உண்டு, கோட்டை உண்டு. எங்களுக்கு ஒரு பக்கெட்டும் ஒரு குடமும்தான். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பழனிச்சாமி அண்ணன் பிளானைச் சுருட்டினார். "நாளைக்குப் பாக்கலாமுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை. கொத்தனார் ஏழு மணிக்கு வந்து, கடையிலிருந்து எட்டடி தள்ளித் தூணுக்குக் குழி தோண்டினார்.