தோள் இடிக்குத் தடை கேட்டவள்

போன ஞாயிற்றுக்கிழமை கருங்கல் ஊர்ப் பக்கத்து மைதானத்தில் எனக்கு ஒரு மஞ்சள் கார்டு கிடைத்திருக்க வேண்டும். நான் விளையாடவே இல்லை என்பது வேறு விஷயம்!

என் மகள் ஆதிரா, பன்னிரண்டு வயது, ஞாயிறுதோறும் ஃபுட்பால் ஆடுகிறாள். கோப்பை, செலக்‌ஷன் எதுவும் கிடையாது, சும்மா சந்தோஷத்துக்கு. போன வருஷம் எதிர் டீம் பெண் தோளால் இடித்ததில் விழுந்தாள். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காறை எலும்பில் முறிவு. மெல்ல எலும்பு கூடியது... கூடவே என் பயமும் கூடியது.

டீச்சர் அல்லவா நான்? பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் பக்கம் பக்கமாக எழுதி, தோள் இடி கூடாது என்று ரூலே போட வைத்தேன். பொழுதுபோக்குக்கு ஆடுகிற பிள்ளைகளுக்கு இடி எதற்கு?

அடுத்த மேட்ச்சில் ஆதிரா மூன்று கோல்! கை வலிக்கக் கைதட்டினேன். வீட்டுக்கு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

"எல்லாவளும் எனக்கு வழி விடுதாளுவ. கோல் போட்டது நானாம்மா, ஒனக்க ரூலா?"

இனி ஆடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். அந்த அழுகை என்னை என்னவோ செய்தது. ரூலை எடுத்துவிடுங்கள் என்று குரூப்பில் நானே எழுதினேன். கோச் ஒரு நிபந்தனை போட்டார் — பந்து பக்கத்தில் இருந்தால் மட்டும் தோளால் இடிக்கலாம். முதுகில் தள்ளினால் வெளியே. எப்படி இடிப்பது, அடிபடாமல் எப்படி விழுவது என்றும் பழக்கினார். இதை நான் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

போன ஞாயிறு, எதிரே இனயம் டீம். பந்தோடு ஓடிய ஆதிராவை உயரமான ஒருத்தி நெருங்கினாள்... தோளும் தோளும் மோதி இருவரும் விழுந்தார்கள். ஆதிரா என்னைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தாள். எழுந்தாள், ஓடினாள், அடித்தாள் — போஸ்ட்டில் பட்டு வெளியே போனது! கோல் இல்லை. ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

நானும் துள்ளிக் குதித்தேன். பக்கத்தில் நின்ற அந்த உயரக்காரியின் அப்பா, நான் இடித்த தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"டீச்சரே, எனக்க பக்கத்துல பந்து இல்லியே."